பெட்டிக்குள் ஒரு படகுத்துறை – 9: எரிந்த படகுகள், எஞ்சிய அச்சுகள்

1953-இல் ரெவெல் நிறுவனம் வெளியிட்ட மிசௌரி போர்க்கப்பல் கிட், பிளாஸ்டிக் மாடல் தொழிலை எப்படி நிமிர்த்தி நிறுத்தியது என்று சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். இந்த வாரம் அதைவிடச் சிறிய, அதைவிடப் பலமடங்கு துடிப்பான கலங்களுக்கு வருகிறோம். வேகப்படகுகளின் கதை இது. கடலில் தொடங்கினாலும், முடிவில் ஓர் எஃகு அச்சில் வந்து நிற்கும்.

1945-ஆம் ஆண்டின் கடைசி மாதங்கள். போர் முடிந்துவிட்டது. பிலிப்பைன்ஸின் சமார் தீவில் அமெரிக்கக் கடற்படையின் பெரிய படகுத்தளம் ஒன்று இருந்தது. பசிபிக் கடலெங்கும் ஓடிக் களைத்த பி.டி. படகுகளை, அதாவது டார்பிடோ ஏந்திய மர வேகப்படகுகளை, அங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள். எஞ்சின், துப்பாக்கி, ரேடார் என்று உதவக்கூடிய எல்லாவற்றையும் கழற்றினார்கள். மிஞ்சிய மர உடல்களைக் கரையோரம் சேர்த்துத் தீ வைத்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட படகுகள் அப்படிச் சாம்பலாயின. வெப்பக்கடலில் மரம் இற்றுவிட்டது, புழு அரித்துவிட்டது, ஊருக்கு ஏற்றிக்கொண்டு போகிற செலவுக்குக் கட்டுப்படியாகாது என்பது கடற்படையின் கணக்கு.

அந்தக் கணக்கில் பிழை சொல்ல முடியாது. ஆனால் அதன் விளைவு பின்னால்தான் தெரிந்தது. பி.டி. படகு எப்படி இருந்தது என்று ஒரு தலைமுறை ஆசையோடு கேட்கத் தொடங்கியபோது, காட்டுவதற்குப் படகு அநேகமாக இல்லை. அந்த இடத்தை ஒரு விளையாட்டுப் பொருள் நிரப்பியது.

பந்தயத்தில் பிறந்த வடிவம்

வேகப்படகின் அழகு மேல்தளத்தில் இருப்பதாகத் தோன்றும். உண்மையில் அதன் ரகசியம் அடிவயிற்றில் இருக்கிறது. சாதாரணப் படகு தண்ணீரை இருபுறமும் ஒதுக்கிக்கொண்டு போகிறது. வேகம் கூடும்போது அது தான் எழுப்பிய அலையிலேயே மாட்டிக்கொள்ளும். அதற்குமேல் எஞ்சினின் சக்தியை இரட்டித்தாலும் வேகம் கொஞ்சமே கூடும். வேகப்படகின் அடிப்பாகம் முன்னால் கூராகத் தொடங்கி, பின்னால் போகப்போகத் தட்டையாகிவிடும். பக்கச்சுவரும் அடித்தளமும் ஒரு கூர்விளிம்பில் சந்திக்கும். போதுமான வேகம் வந்ததும் தண்ணீரின் எதிர்விசை படகைத் தூக்கிவிடும். குளத்தில் நாம் சாய்த்து எறிகிற தவளைக்கல் போல, அது நீரின் மேற்பரப்பில் வழுக்கிக்கொண்டு ஓடும்.

இந்த வடிவத்தைச் செதுக்கியவர்கள் பந்தயக்காரர்கள். அமெரிக்காவின் கார்ஃபீல்ட் வுட் மிச்சிகன் மாநிலத்து அல்கோனாக் ஊரில் கிறிஸ் ஸ்மித்தின் படகுப்பட்டறையோடு கூட்டுச் சேர்ந்தார். அந்தப் பட்டறைதான் பின்னாளில் கிறிஸ்-கிராஃப்ட் என்று உலகப்புகழ் பெற்றது. 1920-இல் இங்கிலாந்துக்குப் போய் ஹார்ம்ஸ்வொர்த் கோப்பையை வென்று வந்தார் வுட். அதன்பின் ‘மிஸ் அமெரிக்கா’ என்ற பெயரில் ஒன்றன்பின் ஒன்றாகப் படகுகளைக் கட்டினார். நான்கு பேக்கார்டு விமான எஞ்சின்களை வைத்துக் கட்டிய பத்தாவது மிஸ் அமெரிக்கா, 1932-இல் மணிக்கு 124 மைல் வேகத்தைத் தாண்டியது.

மறுவருடம் அதற்கு எதிராக இங்கிலாந்திலிருந்து ஒரு சிறிய படகு வந்தது. பெயர் ‘மிஸ் பிரிட்டன் 3’. நான்கு எஞ்சினுக்கு எதிரே ஒரே ஒரு நேப்பியர் எஞ்சின். ஓட்டியவர் ஹியூபர்ட் ஸ்காட்-பெயின். சவுத்தாம்டன் அருகே ஹைத் ஊரில் பிரிட்டிஷ் பவர் போட் நிறுவனத்தை நடத்தியவர் அவர். கோப்பை வுட்டிடமே தங்கியது. ஆனால் ஒற்றை எஞ்சினோடு அவ்வளவு நெருக்கமாகத் துரத்திய அந்தப் படகை யாரும் மறக்கவில்லை.

ஸ்காட்-பெயினின் பட்டறையில் வேலைசெய்த ஒருவரையும் இங்கே சொல்ல வேண்டும். அரேபியப் பாலைவனத்தில் பெயர்பெற்ற டி.ஈ. லாரன்ஸ், அந்தப் புகழிலிருந்து ஒதுங்கி, பெயரை மாற்றிக்கொண்டு, பிரிட்டிஷ் விமானப்படையில் சாதாரணச் சிப்பாயாக இருந்தார். 1931-இல் பிளிமத் அருகே கடலில் ஒரு பறக்கும் படகு விழுந்து நொறுங்கியதை நேரில் பார்த்தார். விழுந்தவர்களை மீட்க விமானப்படையிடம் இருந்த படகுகள் எவ்வளவு மந்தமானவை என்று அவருக்கு உறைத்தது. அதன்பின் ஹைத்தில் தங்கி, வேகமான மீட்புப்படகுகளைச் சோதித்துச் செம்மைப்படுத்துவதிலேயே தன் கடைசி வருடங்களைச் செலவிட்டார். அந்தப் பரம்பரையில் வந்ததுதான் போர்க்காலத்தின் 63 அடி மீட்புப்படகு. அதை 1970-களின் இறுதியில் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1/72 அளவில் கிட்டாக வெளியிட்டது. திமிங்கிலத்தின் முதுகைப்போல் வளைந்த அதன் கூரையை ஒட்டும்போது, லாரன்ஸ் கைவைத்த ஒரு கலையின் தொடர்ச்சியைத்தான் ஒட்டுகிறோம்.

மகோகனியும் பெட்ரோலும்

1939 செப்டம்பரில் ஸ்காட்-பெயின் கட்டிய 70 அடி டார்பிடோ படகு ஒன்று கப்பலேறி நியூயார்க் வந்து சேர்ந்தது. அதை வாங்கிவந்தது எல்கோ நிறுவனம். அமெரிக்கக் கடற்படை அதற்கு பி.டி.-9 என்று எண் கொடுத்தது. நியூஜெர்சியின் பேயோன் ஊரில் எல்கோ அதை நீட்டியும் திருத்தியும் 80 அடிப் படகாக வளர்த்தது. நியூ ஆர்லியன்ஸில் ஆண்ட்ரூ ஹிக்கின்ஸ் தன் வழியில் 78 அடிப் படகு ஒன்றைக் கட்டினார். போர்க்காலத்து அமெரிக்க பி.டி. படகுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு குடும்பங்களில் அடங்கும்.

எல்கோ படகின் உடல் மகோகனிப் பலகைகளால் ஆனது. சாய்வாக ஓர் அடுக்கு, அதன்மேல் பசையில் தோய்த்த கித்தான், அதற்கும் மேல் இன்னோர் அடுக்கு. உள்ளே மூன்று பேக்கார்டு எஞ்சின்கள், ஒவ்வொன்றிலும் 12 சிலிண்டர். கார்ஃபீல்ட் வுட்டின் பந்தயப்படகை ஓட்டிய எஞ்சின் வம்சம்தான் இது. தொட்டிகளில் 3,000 காலன் விமானப் பெட்ரோல். மரப்பெட்டிக்குள் பெட்ரோலை நிரப்பி, அதன்மேல் பன்னிரண்டு பதின்மூன்று பேரை ஏற்றி, இரவில் எதிரிக் கப்பல்களை நோக்கி அனுப்பினார்கள். வேகமே அவர்களுக்குக் கவசம்.

1943 ஆகஸ்ட் 2, அதிகாலை. சாலமன் தீவுகளின் பிளாக்கெட் நீரிணையில் பி.டி.-109 மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தது. இருட்டிலிருந்து வந்த ஜப்பானிய நாசகாரிக் கப்பல் அமகிரி அதன்மேல் ஏறி அதைப் பிளந்துவிட்டுப் போய்விட்டது. படகிலிருந்த 13 பேரில் இருவர் இறந்தார்கள். தளபதி ஜான் எஃப். கென்னடிக்கு அப்போது 26 வயது. தீக்காயம்பட்ட ஒரு மாலுமியின் மிதவை உடைப் பட்டையைத் தன் பற்களால் கவ்விக்கொண்டு, மணிக்கணக்கில் நீந்தி ஒரு சிறு தீவில் அவரைக் கரைசேர்த்தார். பியூக்கு காசா, எரோனி குமானா என்ற இரண்டு சாலமன் தீவு இளைஞர்கள், ஒரு தேங்காய் ஓட்டில் அவர் செதுக்கிக்கொடுத்த செய்தியைத் தங்கள் தோணியில் எதிரிகளின் நடுவே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அதனால்தான் மீதிப்பேர் மீட்கப்பட்டார்கள். அந்த ஓடு பின்னாளில் வெள்ளை மாளிகையில் கென்னடியின் மேசைமேல் இருந்தது.

படகு சிறுத்து அச்சான விதம்

இனி பட்டறைக்கு வருவோம். 1950-களில் ஒரு கிட் எப்படி உருவானது என்று தெரிந்தால்தான் பழைய கிட்டுகளின் மேல் சிலர் வைத்திருக்கும் பிரியம் புரியும்.

முதலில் படகுக்கட்டுநரிடமிருந்து வரைபடம், புகைப்படம் ஆகியவற்றைத் திரட்டுவார்கள். அதைக்கொண்டு, விற்கப்போகும் மாடலைவிடப் பெரிதாக மரத்தில் ஒரு மூலமாதிரி செதுக்குவார்கள். பலகை இணைப்புகள், கொக்கிகள், ஜன்னல் விளிம்புகள் எல்லாம் அதில் கையால் வரும். பிறகு பான்டோகிராஃப் இயந்திரம். அதன் ஒரு கை பெரிய மாதிரியின் மேடுபள்ளங்களைத் தடவிக்கொண்டு போகும்; மறுகை அதே அசைவைச் சுருக்கி எஃகில் குடைந்துகொண்டு வரும். கடைசியில் அச்சுக்காரர் உட்கார்ந்து மெருகேற்றுவார். ஒரு கிட்டுக்கு மாதக்கணக்கில் ஆகும் வேலை இது. அச்சு தயாரானதும், உருக்கிய பாலிஸ்டைரீனை அழுத்தத்தோடு உள்ளே செலுத்தினால், சில நொடிகளில் ஒரு முழுப்படகின் பாகங்கள் சட்டத்தோடு கோத்தபடி விழும். அடுத்த நிமிடம் இன்னொன்று. பெரும்பணம் அச்சில் புதைந்திருப்பதால், எத்தனை ஆயிரம் வார்த்தாலும் நிறுவனத்துக்குப் போதாது.

ரெவெல் நிறுவனத்தை கலிபோர்னியாவின் வெனிஸ் பகுதியில் நடத்தியவர் லூயிஸ் கிளேசர். 1950-களின் முதல் பாதியிலேயே அவர் ஒரு பி.டி. படகைக் கொண்டுவந்தார். பி.டி.-212 என்ற எண் கொண்ட ஹிக்கின்ஸ் படகு அது. அளவு 1/98. இந்த விசித்திரமான எண்ணுக்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்தில் கடை அலமாரிக்குப் பொருந்தும் பெட்டியை முதலில் தீர்மானித்துவிட்டு, படகை அதற்குள் அடங்கும்படி சுருக்குவார்கள். ஆகவே அதே வரிசையில் வந்த போர்க்கப்பலுக்கும் வேகப்படகுக்கும் அளவுப் பொருத்தமே இருக்காது.  இன்றைய சேகரிப்பாளர்கள் இதைப் ‘பெட்டி ஸ்கேல்’ என்பார்கள்.

போர்ப்படகோடு உல்லாசப்படகும் வந்தது. கிறிஸ்-கிராஃப்டின் உயர்ந்த மேல்தள க்ரூஸர் ஒன்றை ரெவெல் கிட்டாக்கியது. லிண்ட்பெர்க் நிறுவனம் மின்மோட்டார் வைத்து நீரில் ஓடும் படகுகளை விற்றது. இதில் அழகான ஒரு பொருத்தம் இருக்கிறது. அதே 1950-களில் கிறிஸ்-கிராஃப்ட் நிறுவனமே நிஜப்படகுகளைக் கிட்டாக விற்றுக்கொண்டிருந்தது. வெட்டித் தயாரித்த பிளைவுட் பாகங்களைப் பெட்டியில் வாங்கிவந்து, அப்பா வீட்டுக் கொட்டகையில் நிஜப்படகைக் கட்டுவார். பிள்ளை உள்ளே மேசையில் பிளாஸ்டிக் படகைக் கட்டும். போர் முடிந்து வேலையும் கூலியும் கையில் வந்த ஒரு சமூகம், தண்ணீரைத் தன் சொந்தக் கையால் எட்டிப்பிடிக்க விரும்பிய காலம் அது.

ஜப்பானில் இந்த ஆசை வேறு வழியில் போனது. அங்கே மாடல் என்றால் ஓட வேண்டும். 1967-இல் மபுச்சி நிறுவனம் நீருக்கடியில் இயங்கும் சிறு மோட்டார் ஒன்றை வெளியிட்டது. மின்கலத்தோடு சேர்த்து மூடப்பட்ட அந்தக் குப்பியை ரப்பர் உறிஞ்சியால் எந்தப் படகின் அடியிலும் ஒட்டலாம். படகின் உடம்பில் துளைபோட வேண்டியதில்லை. அச்சாணி வழியே நீர் கசியும் என்ற கவலையும் இல்லை. குளியல் தொட்டியும் ஊர்க்குட்டையும் பந்தயத்திடலாயின. ஓடி, மோதி, மூழ்கித் தீர்ந்துபோனதால்தான் அந்தக் காலத்து ஜப்பானிய படகுக் கிட்டுகள் இன்று முழுதாகக் கிடைப்பது அரிது.

1963: பி.டி.-109

1961 ஜனவரியில் கென்னடி குடியரசுத்தலைவராகப் பதவியேற்றார். ஊர்வலத்தில் பி.டி.-109 என்று எழுதிய படகு ஒன்று வண்டியில் ஏற்றப்பட்டு வந்தது. அது எல்கோ படகு கிடையாது. கைவசம் இருந்த ஒரு ஹிக்கின்ஸ் படகு. அந்தச் சம்பவத்தைச் சொல்லி 1963-இல் வெளிவந்த திரைப்படத்தில் நடிக்க வைக்கவும் எல்கோ படகுகள் கிடைக்கவில்லை. விமானப்படையின் மீட்புப்படகுகளுக்கு வேஷம் போட்டுப் படமெடுத்தார்கள். சமார் கடற்கரையில் மூட்டிய தீயின் விலை அப்போது வெளிப்பட்டது.

அதே 1963-இல் ரெவெல் பி.டி.-109 கிட்டை வெளியிட்டது. இந்தமுறை பெட்டி ஸ்கேல் இல்லை. விமானக் கிட்டுகளோடு சேர்த்து வைக்கும்படி 1/72. 80 அடிப் படகு மேசைமேல் சுமார் 34 சென்டிமீட்டர் நீளம் வந்தது. ஊர்வலத்தில் வந்தது ஹிக்கின்ஸ், திரையில் வந்தது மீட்புப்படகு. பொதுமக்கள் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கக்கூடிய எல்கோ வடிவம் இந்தப் பிளாஸ்டிக்கில்தான் இருந்தது. நுணுக்கமாக அளந்தால் அதிலும் குறைகள் உண்டு. ஆனால் அடிவயிற்றின் வளைவு, கூர்விளிம்பு, பின்னால் மூன்று சுழலிகள், நான்கு டார்பிடோ குழாய்கள் என்று அந்தப் படகின் தர்க்கம் முழுதும் அங்கே இருக்கிறது. நீரில் மிதக்கும் படகில் யாருக்கும் தெரியாத அடிப்பக்கத்தை, மாடல் கட்டுபவன் முதல் நாளே உள்ளங்கையில் தாங்கிப் பார்த்துவிடுகிறான்.

அந்த ஆண்டு நவம்பரில் கென்னடி சுட்டுக்கொல்லப்பட்டார். கிட் தொடர்ந்து விற்றது. பெட்டிப்படம் மாறியது, எண் மாறியது, நிறுவனத்தின் முதலாளிகள் மாறினார்கள். அதே கிட் திரும்பத் திரும்பச் சந்தைக்கு வந்துகொண்டே இருந்தது. நிஜ பி.டி.-109-இன் எச்சத்தை 2002-இல் ராபர்ட் பல்லார்டின் குழு கடலடியில் கண்டது. அவர்கள் பார்த்தது ஒரு டார்பிடோவும் அதன் குழாயும் மட்டுமே.

நிஜப்படகும் அச்சுக்குள் போனது

1960-களில் இன்னொரு மாற்றம் நடந்தது. கண்ணாடி இழையும் ரெசினும் கலந்த ஃபைபர் கிளாஸ், மகோகனியைத் தள்ளிவிட்டு வந்தது. பலகை அறுத்து, வளைத்து, இழைத்து, வார்னிஷ் ஏற்றும் வேலை போய், ஒரு பெரிய அச்சுக்குள் ரெசினைப் பூசி உடலை உரித்தெடுக்கும் வேலை வந்தது. 1970-களின் தொடக்கத்தில் கிறிஸ்-கிராஃப்டும் மரத்தைக் கைவிட்டது. பிளாஸ்டிக் கிட் எந்த வழியில் பிறந்ததோ, அதே வழியில் நிஜப்படகும் பிறக்கத் தொடங்கியது என்றே சொல்லலாம்.

அந்தப் புதுக்காலத்தின் கிட்டுகள் ஏ.எம்.டி. நிறுவனத்திடமிருந்து வந்தன. அது கார் கிட்டுகளுக்குப் பெயர்போன நிறுவனம். கலிபோர்னியாவின் ரேசன்-கிராஃப்ட் படகை இழுவண்டியோடு சேர்த்து 1/25 அளவில் கொடுத்தது. ஏற்கெனவே கட்டிவைத்த காருக்குப் பின்னால் படகை மாட்டி நிறுத்தலாம். தட்டையான அடி, திறந்த பெரிய வி-8 எஞ்சின், பளபளக்கும் வண்ணம். கடற்போரின் நினைவு மங்கி, வார இறுதி ஏரியின் கொண்டாட்டம் வேகப்படகுக்கு முகமாகியிருந்தது.

1973-இன் எண்ணெய் நெருக்கடி பிளாஸ்டிக்கின் விலையை ஏற்றியது. பிள்ளைகளின் மாலைப்பொழுதை மின்னணு விளையாட்டுகள் எடுத்துக்கொண்டன. அரோரா என்ற கிட் நிறுவனம் 1977-இல் மூடப்பட்டது. அதன் அச்சுகள் பலவற்றை மோனோகிராம் என்ற இன்னொரு கிட் நிறுவனம் வாங்கியது. 1981-இல் ஏர்ஃபிக்ஸ் நொடித்தது. கை மாறிக் கை மாறி 2006-இல் ஹார்ன்பி நிறுவனத்திடம் வந்து சேர்ந்தது. 1986-இல் ரெவெலும் மோனோகிராமும் ஒரே கூரையின் கீழ் வந்தன. 2018-இல் அவற்றின் அமெரிக்க உரிமையாளர் நிறுவனம் திவாலாக, ஒரு ஜெர்மன் முதலீட்டு நிறுவனம் ரெவெலை வாங்கியது. ஏ.எம்.டி., லிண்ட்பெர்க் இரண்டும் இன்று ரவுண்ட் 2 நிறுவனத்திடம் இருக்கின்றன. ஒவ்வொரு கைமாற்றத்திலும் கட்டடம் போனது, ஆட்கள் போனார்கள். லாரியேறி அடுத்த ஊருக்குப் போனவை அச்சுகள் மட்டுமே. போகிற வழியில் சில துருப்பிடித்தன, சில உருக்கப்பட்டன. பிழைத்தவை இன்றும் வார்க்கின்றன.

பழைய பெட்டியைத் திறக்கும்போது

பழைய கிட் வாங்குபவர் முதலில் மூடியைப் பார்ப்பார். ஜாக் லெய்ன்வுட் போன்ற ஓவியர்கள் ரெவெலுக்கு வரைந்த பெட்டிப்படங்களுக்காகவே வாங்குகிறவர்கள் உண்டு. அடுத்து மூலைகள் கிழிந்திருக்கின்றனவா, விலைச்சீட்டைப் பிய்த்த தழும்பு இருக்கிறதா என்று பார்ப்பார். மூடியைத் தூக்கியதும், வருடக்கணக்கில் அடைந்து கிடந்த ஸ்டைரீனும் அட்டையும் கலந்த வாசனை எழும். பிறகு வழிமுறைத்தாளை விரித்து, பாகங்களின் எண்ணை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். கண்ணாடித் தடுப்பு, கொடிக்கம்பம், சுழலி ஆகியவைதான் வழக்கமாகக் காணாமல்போகிறவை.

இழுவண்டியோடு வரும் படகுகளில் ஒரு தனி ஆபத்து உண்டு. டயர்கள் மிருதுவான வினைலில் செய்தவை. அந்த மிருதுத்தன்மைக்காகச் சேர்த்த ரசாயனம் காலப்போக்கில் கசிந்து, ஒட்டிக் கிடக்கும் ஸ்டைரீனைக் கரைக்கும். பிரிக்காமல் மூடியிருந்த பெட்டியைத் திறந்தாலும், படகின் பக்கச்சுவரில் டயரின் பல்தடம் தீச்சூடு போலப் பதிந்திருப்பதைப் பார்க்கலாம். அதனால் தெரிந்தவர்கள் கிட் கைக்கு வந்ததுமே டயர்களைத் தனிப்பையில் போட்டுவிடுவார்கள். ஒட்டுப்படத்தாள் மஞ்சளித்திருந்தால், காற்றுப்புகாத பையில் வைத்து வெயில் படும் ஜன்னலில் சில நாள் ஒட்டிவைப்பார்கள். மஞ்சள் பெரிதும் வெளுத்துவிடும்.

யாரோ ஒரு சிறுவன் அரை நூற்றாண்டுக்கு முன் பசையை அப்பிக் கட்டிய படகும் வீணில்லை. இரவு முழுதும் உறைபெட்டியில் வைத்து எடுத்தால் பழைய பசை இறுகி நொறுங்கும். பாகங்களை மெல்ல நெகிழ்த்துப் பிரிக்கலாம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்தால் பழைய வண்ணமும் பெரும்பாலும் உரிந்துவரும். அதன்பின் வழக்கமான வேலை. உடலின் இரு பாதிகளையும் ஒட்டி, அச்சு விட்ட பிசிறுகளைச் செதுக்கி, இணைப்பில் பட்டி வைத்து, உப்புத்தாளை நனைத்துத் தேய்க்க வேண்டும். வேகப்படகில் இதற்குத் தப்பிக்க வழியில்லை. அந்த இணைப்பு முன்முனையிலிருந்து அடிவயிறு முழுக்க ஓடுகிறது. பக்கச்சுவர் கண்ணாடிபோல் மின்ன வேண்டியது. ஒரு மயிரிழைக் கோடு மிஞ்சினாலும், மேலே ஏறும் பளபளப்பு அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பிளாஸ்டிக்கை மகோகனியாக்குவது இந்தக் கலையின் உச்சம். முதலில் வெளிர்மஞ்சள் கலந்த பழுப்பு நிறம். அது நன்றாகக் காய்ந்தபின், கரும்பழுப்பு எண்ணெய் வண்ணத்தைத் துளி தொட்டு, காய்ந்த தட்டைத் தூரிகையால் ஒரே திசையில் இழுக்க வேண்டும். தூரிகை மயிர்கள் விட்டுப்போகும் கீற்றுகளே மரத்தின் ரேகையாகும். பலகைக்குப் பலகை அழுத்தத்தைச் சற்று மாற்றினால், வெவ்வேறு மரத்திலிருந்து அறுத்ததுபோல் வேறுபடும். எண்ணெய் வண்ணம் உலர நாட்கள் ஆகும். அவசரப்பட்டால் எல்லாம் கலங்கிவிடும். அதன்மேல் ஆரஞ்சுச் சாயம் கலந்த தெளிவான வார்னிஷ். அந்தப் பூச்சு ஏறும் கணத்தில் மந்தமான பழுப்பு திடீரென்று ஆழம் பெற்றுச் சிவக்கும். கடைசியில் பலகைகளுக்கு நடுவே மெல்லிய வெள்ளைக்கோடுகள். அல்கோனாக் பட்டறையில் நிஜப்படகுக்கு இதே வரிசையில்தான் சாயமும் வார்னிஷும் ஏறியிருக்கும் என்ற எண்ணம் வரும்போது, கை தானாக நிதானப்படும்.

பிரிக்கலாமா, வைத்திருக்கலாமா?

பழைய கிட் சேகரிக்கும் எல்லோரையும் பிரிக்கும் கேள்வி இது. கட்டாத கிட்டுக்குத்தான் சந்தையில் விலை. கட்டினால் விலை விழும். அதே அச்சிலிருந்து மறுவெளியீடு வந்தாலும் பழைய பெட்டியின் விலை இறங்கும். ஆகவே மறுவெளியீட்டை வெறுக்கும் சேகரிப்பாளர்களும் உண்டு.

என் நிலை தெளிவானது. பெட்டியும் வழிமுறைத்தாளும் காகித ஆவணங்கள். அவற்றைக் காப்பது ஒரு கடமை. பிரிக்காத ஒரு சில முதற்பதிப்புகள் அருங்காட்சியகங்களிலும் அக்கறையுள்ள சேகரிப்புகளிலும் இருக்கத்தான் வேண்டும். ஆனால் அச்சு உயிரோடு இருக்கும் கிட்டை யாரும் பூட்டிவைக்க வேண்டியதில்லை. மறுவெளியீடு வந்தால் மகிழ்ச்சியோடு வாங்கிக் கட்ட வேண்டும். மரச்சிற்பி செதுக்கியதும், பான்டோகிராஃப் தடவியதும், அச்சுக்காரர் மெருகேற்றியதும் பாகங்களாகச் சட்டத்தில் தொங்குவதற்காக இல்லை. இரண்டு பாதிகள் சேர்ந்து ஓர் உடலானால்தான், ஏன் அந்த விளிம்பு கூர்மையாக இருக்கிறது, ஏன் பின்புறம் தட்டையாகிறது, ஏன் இது நீரைவிட்டு எழும்பும் என்பது விளங்கும். மியூசியங்களில் எஞ்சியிருக்கும் பி.டி. படகுகளைக் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம். மாசசூசெட்ஸின் ஃபால் ரிவர் ஊரில் பி.டி.-617 என்ற எல்கோ படகும், நியூ ஆர்லியன்ஸில் பி.டி.-305 என்ற ஹிக்கின்ஸ் படகும் பாதுகாக்கப்படுகின்றன. அவற்றைப் போய்ப் பார்க்க முடிந்தவர்கள் பாக்கியசாலிகள். மற்ற நமக்கெல்லாம் அந்த அறிவு ஒரு பெட்டியில் வந்து சேர்கிறது. அதைக் கையால் கட்டித்தான் பெற முடியும்.

கடற்படை 1945-இல் செய்த கணக்கில் படகு என்பது மரமும் எஞ்சினும் துப்பாக்கியும். மாடல் நிறுவனத்தார் வடிவத்துக்கும் மதிப்பு வைத்தார்கள். லாபத்துக்காகச் செய்தார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் வடிவம் காப்பாற்றப்பட்டது. தொழில்நுட்ப வரலாற்றை எழுதுகிறவர்கள் பொம்மைக்கடை அச்சுகளையும் ஆவணமாகக் கருத வேண்டும் என்று இந்தத் தொடரில் நான் வாதிடுவது இதற்காகத்தான்.

அடுத்த வாரம்: ஷிசுவோக்கா நகரத்தில் மரக்கடையாகத் தொடங்கிய தமியா, 1960-இல் தன் முதல் பிளாஸ்டிக் கிட்டில் தோல்வி கண்டபின் எப்படி எழுந்தது?

(தொடரும்)